பைலட் சுடர்

டிராவல் டிரெய்லர் என்று இங்கே அமெரிக்காவில் சொல்வது, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகும் ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஒரு ஆள் நின்று திரும்பக்கூடிய குளியலறை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வெந்நீர் ஹீட்டர் மட்டும் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவரில், காற்றுத் துளைகள் போட்ட சதுரமான தகரக் கதவு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் ஆறு காலன், அதாவது சுமார் 23 லிட்டர் கொள்ளும் தொட்டியின் முகம் தெரியும். அதன் கீழே பர்னர் குழாய், பக்கத்தில் ஒரு கேஸ் வால்வு, வால்வின் மேல் ஒரு குமிழ். குமிழுக்கு மூன்று நிலைகள்: ஆஃப், பைலட், ஆன்.

நானும் மனைவியும் இருப்பது ஆஸ்டின் நகரத்தில். மூன்று வருடங்களுக்கு முன்பு, தொண்ணூறுகளில் செய்த ஒரு பழைய டிரெய்லரை வாங்கினோம். இப்போது வரும் டிரெய்லர்களில் உள்ளே சுவிட்சைத் தட்டினால் போதும், தீப்பொறி பறந்து பர்னர் தானாகவே பற்றிக்கொள்ளும். எங்களுடையது அந்தக் காலத்து ஆசாமி. வெளியே போய், மண்டிபோட்டு, கையால்தான் பற்றவைக்க வேண்டும். விரல் நுனி அளவுக்கு ஒரு நீலச்சுடர், பைலட், இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். தண்ணீர் ஆறியதும் பெரிய பர்னருக்கு கேஸ் திறக்கும், பைலட் அதைப் பற்றவைக்கும்.

போன நவம்பரில் அம்மா வந்திருந்தபோது டெக்சஸின் மேற்குக் கோடியில் இருக்கும் டேவிஸ் மலைகளுக்குப் போனோம். ஐயாயிரம் அடி உயரம். பகலில் இதமான வெயில், இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. விடிவதற்கு முன் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் காபி. மதுரையிலும் அப்படித்தான், மலையிலும் அப்படித்தான்.

"வெந்நீர் போட்டுத் தர்றேம்மா" என்றேன்.

"கேஸா? வேண்டாம்ப்பா. பச்சத்தண்ணி போதும்."

அம்மாவின் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி இரண்டே வருடத்தில், பம்பு ஸ்டவ் வெடித்துப் போய்விட்டார். "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்பதற்கு அந்தக் காலத்தில் வேறு அர்த்தங்களும் உண்டு; எங்கள் வீட்டில் யாரும் அதற்குள் போவதில்லை. அம்மா அதற்குப் பிறகு அடுப்பை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பற்றவைப்பார். ராத்திரி படுக்கப் போகுமுன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு, மூடினோமா என்று மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம், நாம் தூங்கும்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும் என்று சொன்னால் என்ன ஆகும்? அம்மா அந்த இரண்டு நாளும் ஐஸ் போன்ற தண்ணீரில்தான் குளித்தார். இரண்டாம் நாள் காலை வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி என்னைக் கூப்பிட்டு, "அத்தைய இன்னிக்கு ராத்திரி இப்படி விடாதீங்க. ஒண்ணு நீங்க பேசுங்க, இல்ல ஊருக்குத் திரும்புவோம்" என்றாள்.

பேசிப் புரியவைக்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து ஹீட்டருக்கு நேராகப் போட்டேன். "நீ தொடவே வேண்டாம். நான் செய்றத மட்டும் பாரு."

முதலில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று சீறுவது நின்று தண்ணீர் சீராக வரும்வரை விட்டேன். காலித் தொட்டியைச் சூடாக்கினால் தொட்டி கெட்டுப்போகும். அடுத்தது சிலிண்டர். நம்மூர் வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ, இதில் 20 பவுண்டு, ஏறக்குறைய 9 கிலோ. நம்மூரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்து வரும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும், அதனால்தான் குளிர்ப் பிரதேசங்களில் அது. சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால், எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஒரு தடுப்பு கேஸை நெரித்துவிடும். சிலிண்டருக்குள் சாதாரண வெயில் நாளில் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம். ரெகுலேட்டரைத் தாண்டி வரும்போது அது அரை பி.எஸ்.ஐ. கூட இல்லை. பதினோரு அங்குல ஆழத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் குமிழி வருவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டுமோ, அவ்வளவுதான்.

அப்புறம் உள்ளே அடுப்பைப் பற்றவைத்து, குழாய்களில் தங்கியிருக்கும் காற்று போகும்வரை எரியவிட்டு அணைத்தேன். திரும்பி வந்து தகரக் கதவைத் திறந்தபோது, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"அது என்னடா, குளவிக்கூடு மாதிரி?"

பர்னர் குழாயின் வாயில் கட்டைவிரல் அளவுக்கு மண் அப்பியிருந்தது. குளவிக்கூடேதான். இங்கேயும் மண்ணை உருட்டி வந்து கூடு கட்டும் குளவிகள் உண்டு. அவற்றுக்குக் குழாய் வாய் என்றால் கொள்ளைப் பிரியம். குழாய் அடைத்தால் காற்று சரியாகக் கலக்காது, தீ மஞ்சளாகப் புகைந்து எரியும். நம்மூரில் வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பார்கள். அம்மா அதைச் சொல்லி மருமகளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. கூட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, கம்பி பிரஷ் விட்டுத் துடைத்தேன்.

குமிழை ஆஃபில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். எங்காவது கேஸ் தேங்கியிருந்தால் கலைந்து போவதற்கான நேரம் அது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கீழேதான் இறங்கும். அதனால் தரையோடு குனிந்து மோந்து பார்க்க வேண்டும். டிரெய்லருக்குள் கேஸ் கசிவு அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதும் அதற்காகத்தான். அம்மாவும் நாற்காலியில் இருந்தபடியே குனிந்து மூக்கை உறிஞ்சினார். "ஒண்ணும் வரல."

குமிழைப் பைலட்டுக்குத் திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீள லைட்டரைக் குழாய் நுனியில் காட்டினேன். மூன்றாவது தடவை சுடர் பிடித்தது. ஆனால் குமிழை உடனே விட்டுவிட முடியாது. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை அழுத்தியே வைத்திருக்க வேண்டும்.

"அதான் பத்திக்கிச்சே, ஏன் இன்னும் பிடிச்சிட்டிருக்க?"

அம்மா கேட்ட இந்தக் கேள்விக்குள்தான் ஹீட்டரின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. சுடருக்குள் பென்சில் போல ஒரு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் தெர்மோகப்பிள். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையை மட்டும் சூடாக்கினால் பக்கத்தில் இருக்கும் திசைகாட்டி முள் அசைவதை 1821-ல் ஸீபெக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கவனித்தார். வெப்பம் நேரடியாக மின்சாரமாகிறது. எங்கள் குச்சி தருவது வெறும் முப்பது மில்லிவோல்ட் அளவு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த மின்சாரம் வால்வுக்குள் இருக்கும் ஒரு மின்காந்தத்துக்குப் போகிறது.

அந்தக் காந்தத்துக்கு வால்வை இழுத்துத் திறக்கும் பலம் கிடையாது. யாராவது திறந்து பக்கத்தில் கொண்டுவந்து கொடுத்தால், மூடிவிடாமல் பிடித்துக்கொள்ளும் பலம் மட்டும்தான் உண்டு. குமிழை அழுத்தும்போது என் விரல்தான் வால்வைத் திறக்கிறது. குச்சி சூடேறியதும் காந்தம் அதை வாங்கிக்கொள்கிறது. சுடர் அணைந்தால் குச்சி ஆறும், மின்சாரம் போகும், காந்தம் கையை விட்டுவிடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். அதன் பிறகு மறுபடி ஒரு மனிதன் வந்து மண்டிபோட்டு அழுத்தும்வரை அது தானாகத் திறக்கவே திறக்காது. பேட்டரி கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது, ஒரு வரி புரோகிராம் கிடையாது.

இதை எல்லாம் அம்மாவிடம் என் பாணியில் விளக்கினேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. "நீ படிச்சவன், சொல்ற. ராத்திரி காத்துல அணைஞ்சுதுன்னா என்ன ஆகும்?"

"அணைச்சே பாத்துருவோம்."

குமிழ் இன்னும் பைலட் நிலையிலேயே இருந்தது; பெரிய பர்னருக்கு கேஸ் போகாது. திறந்த வெளி, லேசான காற்று. குனிந்து சுடரை ஊதி அணைத்தேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். பைலட் துளையிலிருந்து கசியும் கேஸின் வாடை மெல்ல வந்தது. நம்மூர் அடுப்படியில் வரும் அதே வாடை. நான் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். பத்து. இருபது. முப்பது. அம்மா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்து மூன்று எண்ணும்போது வால்வுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு வாடையும் நின்றது.

"என்ன சத்தம்?"

"மூடிக்கிச்சு."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பக்கத்தில் வந்து, "இன்னொரு தரம் செய்யி" என்றார். ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பற்றவைத்து, மறுபடி ஊதினேன். இந்த முறை அம்மா எண்ணினார். மூன்றாவது முறை குமிழை அழுத்தியது அம்மாவின் விரல். லைட்டரை நான் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதற்கு அவருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு ஸ்லோகத்தை மூன்று தடவை சொல்லி முடித்து விரலை எடுத்தார். சுடர் நின்றது. குமிழை ஆனுக்குத் திருப்பியதும் பெரிய பர்னர் 'பொஃப்' என்று பிடித்து, மஞ்சள் இல்லாத நீலத்தில் இரைந்தது. மறுநாள் விடியற்காலையில் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

கேஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது என்பதை அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். மெர்கப்டான் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு சேர்க்கிறார்கள். அது சேர்க்கப்படுவதற்கும் டெக்சஸுக்கும் சம்பந்தம் உண்டு. கிழக்கு டெக்சஸில் நியூ லண்டன் என்ற எண்ணெய் ஊர். 1937 மார்ச் 18, பள்ளிக்கூடம் விடப் போகும் நேரம். கட்டடத்துக்கு அடியில் கசிந்து தேங்கியிருந்த வாடையில்லாத எரிவாயு, ஒரு மின்சார இயந்திரத்தின் பொறியில் வெடித்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக இறந்தவர்கள் முந்நூறு பேருக்கு அருகில். அதே ஆண்டு டெக்சஸ் அரசு இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று, எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும். இன்னொன்று, பதிவு பெற்று உரிமம் வாங்காமல் யாரும் பொறியாளர் தொழில் செய்யக் கூடாது.

அம்மா கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைங்களாலதான் நமக்கு மூக்கு வந்திருக்கு" என்றார்.

அந்த இரண்டாவது சட்டம் எனக்கு உறைக்கும். நானும் என்ஜினியர்தான், கம்பெனி கொடுத்த பதவிப் பெயரில். எங்கள் தொழிலில் 'ஹார்ட்பீட்' என்று ஒன்று உண்டு. ஒரு புரோகிராம், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சில நொடிகளுக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். பல இடங்களில் அந்தச் செய்தியை அனுப்பும் பகுதி வேறு, உண்மையான வேலையைச் செய்யும் பகுதி வேறு. வேலை எப்போதோ நின்றிருக்கும். செய்தி மட்டும் போய்க்கொண்டே இருக்கும், பலகையில் பச்சை விளக்கு எரியும். தெர்மோகப்பிளுக்கு இந்த ஏமாற்று தெரியாது. குமிழ் எங்கே இருக்கிறது, குழாயில் கேஸ் வருகிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. சுடரின் சூட்டை மட்டும்தான் பார்க்கிறது. வேலையே சாட்சி.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் டெமோ என்று காட்டுவதெல்லாம் ஒரு பொருள் ஓடுவதை. அம்மாவுக்குச் சுடர் எரிவதைக் காட்டியபோது நம்பிக்கை வரவில்லை. எரிகிற தீயை அவர் நிறையப் பார்த்துவிட்டார். பெரியம்மாவின் ஸ்டவ்வும் அன்று காலைவரை நன்றாக எரிந்த ஸ்டவ்தான். அது அணைந்து, நாற்பத்து மூன்று எண்ணி, 'டக்' என்று மூடிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவர் அந்தச் சுவரோரம் தலைவைத்துப் படுத்தார்.

ஹீட்டரைக் கழற்றிவிட்டு சுவிட்ச் வைத்த புதியதைப் போடலாம் என்று மனைவி சொல்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். அதிலும் சுடரைக் கவனிக்கும் ஏற்பாடு இருக்கிறது, கேஸும் மிச்சமாகும், குளிரில் மண்டிபோட வேண்டாம். வரும் வசந்தத்தில் மாற்றுவதாக இருக்கிறோம். வாங்குவதற்கு முன் அதையும் எரியவிட்டு, அணைத்து, எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மா ஜனவரியில் ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் போனில், அடுக்குமாடி அசோசியேஷனில் எல்லா வீட்டுக் குளியலறைக்கும் கேஸ் கெய்சர் மாட்டித் தருகிறோம் என்று ஒருவர் வந்ததாகச் சொன்னார். மூடிய குளியலறைக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அம்மாவே சொன்னார்: "நான் அவர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். புகை எங்க போகும், தீ அணைஞ்சா என்ன ஆகும், அதை எனக்குச் செஞ்சு காட்டுங்கன்னேன். டெமோ பீஸ் கொண்டு வரலைன்னுட்டு போனவருதான், இன்னும் வரல."

அது ஒரு கேள்வி இல்லை, மூன்று என்று நான் திருத்தவில்லை.