இடிபடாமல் தப்பிய பேருந்து நிலையம்

பிரிட்டனுக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் கோட்டை இருக்கும், தேவாலயம் இருக்கும், பிரபுக்கள் வாழ்ந்த மாளிகை இருக்கும். பேருந்து நிலையம் இருக்காது. ஆனால் அந்நாட்டு அரசு பாதுகாக்கும் மரபுக் கட்டடங்களின் பட்டியலில் ஒரு பேருந்து நிலையமும் இருக்கிறது. வட இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில், ரிபிள் ஆற்றை ஒட்டி இருக்கும் பிரஸ்டன் நகரத்து நிலையம் அது. 2013 செப்டம்பரில் அதற்கு இரண்டாம் தர மரபுக் கட்டடம் என்ற தகுதி கிடைத்தது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் நகர மன்றம் அதை இடித்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தது.

பேருந்து நிலையம் என்று தனியாக ஒரு கட்டடம் கட்டும் வழக்கமே அங்கே பழையது அல்ல. 1920களில் பஸ் எங்கே நின்றதோ அதுதான் நிலையம். சந்தைத் திடல், விடுதி வாசல், ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் என்று கிடைத்த இடத்தில் நிறுத்தினார்கள். பயணிகள் மழையில் நின்றார்கள். 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பஸ் சேவைகளை உரிமத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு, அந்தக் கூட்டத்தைத் தெருவிலிருந்து அகற்றி ஒழுங்கான ஓர் இடத்தில் சேர்க்க நகரங்கள் முனைந்தன. லண்டனில் 1932இல் கட்டிய விக்டோரியா கோச் நிலையம் இன்றும் இயங்குகிறது. 1933இல் டர்பி நகரம் கட்டடக் கலைஞர் சார்லஸ் ஆஸ்லினைக் கொண்டு வளைந்த நடைமேடைகளோடு ஒன்றைக் கட்டியது, அழகான வேலை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடிக்கப் புறப்பட்டபோது, ஓர் ஆர்வலர் கூரைமேல் ஏறித் தங்கிப் போராடினார். பலிக்கவில்லை.

பிரஸ்டன் பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். 1950களின் இறுதியில் ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன, கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. பிரிட்டனின் முதல் மோட்டார்வே என்னும் விரைவுச் சாலை 1958 டிசம்பரில் திறக்கப்பட்டது லண்டனில் அல்ல, பிரஸ்டனைச் சுற்றிப்போகும் புறவழிச் சாலையாகத்தான். ரிபிள் மோட்டார் சர்வீசஸ் என்ற பெரிய பஸ் கம்பெனிக்கும் இதுவே தலைமையிடமாக இருந்தது. நகராட்சி பஸ்களும் கம்பெனி பஸ்களும் ஊரின் வெவ்வேறு மூலைகளில் நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவோம், மேலே கார்களையும் நிறுத்துவோம் என்று நகராட்சி துணிந்தது. பில்டிங் டிசைன் பார்ட்னர்ஷிப் நிறுவனத்தின் கீத் இங்கமும் சார்லஸ் வில்சனும் வரைந்தார்கள். பொறியியல் ஓவ் அரூப் நிறுவனத்தினுடையது. 1969 அக்டோபரில் திறப்பு விழா.

நீளம் சுமார் 170 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 40 வீதம் 80 இரட்டைத் தட்டு பஸ்கள் ஒரே நேரத்தில் வந்து முகம் பதித்து நிற்க முடிந்தது. மேலே உள்ள அடுக்குகளில் 1,100 கார்கள். இவ்வளவு பெரிய கான்கிரீட் பொதியை ஓர் ஊரின் நடுவில் வைத்தால் அது கண்ணை உறுத்த வேண்டும். உறுத்தாததற்குக் காரணம் கார் அடுக்குகளின் விளிம்புதான். முறத்தின் விளிம்பு மேல்நோக்கி வளைவதுபோல ஒவ்வொரு தளமும் வெளிப்புறம் வளைந்து முடிகிறது. கண்ணாடியிழை அச்சில் வார்த்த கான்கிரீட் என்பதால் மழமழவென்று இருக்கும். பார்வைக்கு அலங்காரம், ஆனால் அதற்கு வேலையும் உண்டு. நேராகச் சுவர் எழுப்பியிருந்தால் காரின் பம்பர் போய் முட்டும். வளைவு என்றால் முட்டாது. பயனையும் அழகையும் ஒரே கோட்டில் முடித்துவிட்டார் இங்கம். அந்தக் காலத்துக் கான்கிரீட் கட்டடங்களைப் பொதுவாக முரட்டுக் கட்டடம் என்றுதான் வகைப்படுத்துவார்கள். இதைப் பார்த்தால் முரடு என்று சொல்ல வாய் வராது.

உள்ளே இருக்கும் கூடத்தைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானப் பயணிக்குக் கிடைக்கும் வசதி பஸ் பயணிக்கும் கிடைக்கட்டும் என்பது வடிவமைப்பாளர்களின் எண்ணம். 1969இல் பஸ்ஸில் போகிறவர் யார்? ஆலைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, பள்ளிப் பிள்ளை, கார் வாங்க முடியாத முதியவர். அவர்களுக்காக உயரமான கூடம், இருபுறமும் முழுநீளக் கண்ணாடி, வெள்ளை ஓடு பதித்த சுவர்கள், ஈரோக்கோ மரத்தில் செய்த தடுப்புகளும் இருக்கைகளும், கறுப்பு ரப்பர் தரை, தூரத்திலிருந்தே மணி தெரியும் பெரிய கடிகாரங்கள், ஒவ்வொரு வாயிலுக்கும் கொட்டை எழுத்தில் எண். பயணி கண்ணாடிக்குள்ளே உட்கார்ந்திருப்பார். பஸ் வெளியே வந்து நிற்கும். கதவு வழியாக நேரே ஏறிக்கொள்ளலாம். புகை வெளியே, மனிதர் உள்ளே.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நார்தாம்ப்டன் நகரம் சாட்சி. அங்கே 1976இல் திறந்த கிரேஃபிரையர்ஸ் நிலையமும் மூடிய நிலையம்தான். ஆனால் அங்கே கட்டடத்துக்குள் பஸ்களையே விட்டார்கள். தலைக்கு மேல் கார் நிறுத்தமும் அலுவலகங்களும். கீழே பகலிலும் விளக்கு வெளிச்சம், டீசல் நெடி. அதற்குக் கிடைத்த பெயர் 'நரகத்தின் வாய்'. 2015 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தபோது வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் கூடியது, காப்பாற்ற அல்ல. கூரைக்குக் கீழே யாரை வைப்பது என்ற கேள்வியில்தான் இரண்டு நிலையங்களின் தலையெழுத்தும் பிரிந்தது.

பிரஸ்டனிலும் குறை இல்லாமல் இல்லை. பஸ் ஓடும் தடத்தை மனிதர் குறுக்கே கடக்கக் கூடாது என்று சுரங்கப்பாதைகள் வழியாக வரச் சொன்னார்கள். அந்தக் காலத்து நகரத் திட்டமிடலாளர்களுக்குச் சுரங்கப்பாதை மேல் இருந்த காதல் அது. மூட்டைமுடிச்சோடும் குழந்தை வண்டியோடும் இறங்கி ஏறுவது யாருக்குப் பிடிக்கும்? அதிலும் இருட்டிய பிறகு.

அதைவிடப் பெரிய அடி வெளியிலிருந்து வந்தது. மார்கரெட் தாட்சர் அரசின் 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டப்படி, 1986 அக்டோபர் 26 முதல் லண்டன் தவிர்த்த பிரிட்டனில் எந்த நிறுவனமும் பதிவு செய்துகொண்டு எந்தத் தடத்திலும் பஸ் விடலாம் என்றானது. அரசின் தேசிய பஸ் கம்பெனியைக் கூறுபோட்டு விற்றார்கள். பல ஊர்களில் நகர மையத்தில் இருந்த பேருந்து நிலையத்தின் மனை, பஸ் தொழிலை விட விலைமதிப்பு மிக்கதாகிவிட்டது. பிரஸ்டனில் பணியாளர்களே உரிமையாளர்களாக இருந்த பிரஸ்டன் பஸ் நிறுவனத்தை, தடங்களில் கடும் போட்டி நடந்த பிறகு 2009இல் ஸ்டேஜ்கோச் என்ற பெரிய பஸ் நிறுவனம் வாங்கியது. போட்டி ஆணையம் தலையிட்டு விற்கச் சொன்னதால் 2011இல் அது ரொட்டாலா நிறுவனத்துக்குக் கைமாறியது. எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கக் கட்டிய கட்டடம், ஒருவரோடு ஒருவர் மோதும் கம்பெனிகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையே டைத்பார்ன் திட்டம் வந்தது. நகர மையத்தை 70 கோடி பவுண்டு செலவில் புதிதாக்கும் திட்டம். ஜான் லூயிஸ் பெருங்கடை வரும், திரையரங்கு வரும், வீடுகள் வரும். பேருந்து நிலையம் மட்டும் போக வேண்டும். மரபுக் கட்டடமாக அறிவிக்கக் கேட்ட விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஆனால் 2010இல் உள்ளூர் நாளிதழான லங்காஷயர் ஈவினிங் போஸ்ட் வாசகர்களிடம் ஊரில் பிடித்த கட்டடம் எது என்று கேட்டபோது, வந்த பதில் பேருந்து நிலையம். அருங்காட்சியகத்தையும் தேவாலயங்களையும் விட்டுவிட்டு மக்கள் இதைச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. தினமும் போய்வருகிற இடத்தின் மீது வரும் பற்றே வேறு.

2011 நவம்பரில் ஜான் லூயிஸ் பின்வாங்கியது, திட்டம் சரிந்தது. பெருங்கடையை நம்பி ஏமாந்த நகர மன்றம், பிறகு ஊரின் பொது நிறுவனங்கள் தங்கள் கொள்முதலை உள்ளூரிலேயே செய்ய வேண்டும் என்ற வழிக்குத் திரும்பியதும், அது 'பிரஸ்டன் மாதிரி' என்று பெயர் பெற்றதும் தனிக் கதை. கட்டடத்துக்கோ ஆபத்து நீங்கவில்லை. செப்பனிட 2 கோடியே 30 லட்சம் பவுண்டு வரை ஆகும், இடிக்க 18 லட்சம் போதும் என்று மன்றம் கணக்குச் சொன்னது. மன்றத்தை மட்டும் வில்லனாக்குவதும் நியாயமில்லை. லண்டன் அரசு உள்ளாட்சிகளின் நிதியை வெட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆனால் அந்தக் கணக்கில், இடித்த இடத்தில் பயணிகளுக்கு எந்த மாதிரிக் கூடம் கிடைக்கும் என்ற வரி இல்லை.

உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2012ஆம் ஆண்டுப் பட்டியல் ஆபத்தில் உள்ள பிரிட்டிஷ் கான்கிரீட் கட்டடங்களாக மூன்றைக் குறிப்பிட்டது: லண்டன் சவுத்பேங்க் கலை மையம், பர்மிங்காம் மைய நூலகம், பிரஸ்டன் பேருந்து நிலையம். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ராஜர்ஸ் போன்றவர்கள் பிரஸ்டனுக்காகப் பேசினார்கள். கட்டட மரபைக் காக்கப் போராடும் இருபதாம் நூற்றாண்டுச் சங்கம் விடாமல் முட்டியது. 2013இல் பண்பாட்டுத் துறை அமைச்சர் எட் வேய்சி மரபுத் தகுதிக்குக் கையெழுத்திட்டார். பர்மிங்காம் நூலகத்துக்கு அந்தப் பேறு இல்லை. 2016இல் அது தரைமட்டம்.

பிறகு நிலையம் லங்காஷயர் மாவட்ட மன்றத்தின் கைக்கு வந்தது. 2015இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் ஜான் புட்டிக் வென்றார். அவர் செய்ததில் பெரும்பகுதி, இருந்ததை இருந்தபடி மீட்டதுதான்: மரவேலை, ஓடு, கடிகாரம், எண்கள். பெரிய மாற்றம் ஒன்று. பஸ்கள் எல்லாம் கிழக்குப் பக்கத்துக்கு நகர்ந்தன. மேற்குப் பக்கத்து பஸ் தடம் மக்கள் நடக்கும் திடலானது. சுரங்கத்தில் இறங்காமல் தரைமட்டத்திலேயே நடந்து உள்ளே போகலாம். 1969இன் பிழையைத் திருத்தியது இதுதான். 2018இல் வேலை முடிந்தது. 2021இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் நவீனக் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது.

80 பஸ்கள் நின்ற இடத்தில் இப்போது பாதிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மரபுப் பட்டியல் கட்டடத்தைக் காக்கும், பஸ்ஸைக் காக்காது. பஸ் குறைந்ததால்தான் ஒரு பக்கத்தை மனிதர்களுக்குத் திறந்துவிட முடிந்தது.

லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு மேற்குக் கரை வழியாக ரயிலில் போகிறவர்கள் பிரஸ்டனில் இறங்கிப் பார்க்கலாம். ஃபிஷர்கேட் கடைத்தெரு வழியாகக் கால் மணி நேர நடை. வழியிலேயே 1893இல் திறந்த ஹாரிஸ் அருங்காட்சியகமும் உண்டு. வளைந்த விளிம்புகளைத் திடலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் ஈரோக்கோ மர இருக்கையில் சற்று உட்காருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.