மலை ஜீப் ஓடாத மாதங்கள்

போடிநாயக்கனூரின் ராத்திரி சின்னது. மூன்று மணிக்கெல்லாம் ஏதாவது ஒரு வீட்டில் அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சோறு வடித்து, தூக்குவாளியில் அடைத்து, பிள்ளைகளுக்கும் எடுத்து மூடி வைத்துவிட்டு, நாலரை ஐந்துக்குள் ஜீப் நிற்கிற இடத்துக்கு வந்து சேர வேண்டும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று கேரளப் பக்கத் தோட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். திரும்பி வீட்டுக்கு வரும்போது இருட்டியிருக்கும். மறுபடி மூன்று மணிக்கு எழ வேண்டும். என் அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தாள். அவள் தூங்கி நான் பார்த்ததே குறைவு.

நான் மலைக்குப் போகவில்லை. கீழே போடியிலேயே ஒரு கோடவுனில் காய் பார்க்கிற வேலை. தோட்டத்து ஸ்டோரில் சூடு காட்டி உலர்த்திய ஏலக்காய் மூட்டை மூட்டையாக இறங்கும். சல்லடையில் சலித்து எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பருமன் பிரித்த பிறகு, வெடித்த காய், கறுத்த காய், பச்சை வெளுத்த காய் எல்லாவற்றையும் விரலால் தள்ள வேண்டும். கண்ணைவிட விரல்தான் இந்த வேலையைச் செய்கிறது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் தொட்டபோது எங்கள் கோடவுனிலும் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. எங்கள் கூலி ஏறவில்லை.

முப்பத்தாறு வயதில் விரல்கள் முதலில் மக்கர் செய்தன. காலையில் கை மடங்காது. சீப்பைப் பிடித்து மகளுக்குத் தலை வார முடியாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். மதுரைப் பெரியாஸ்பத்திரியில்தான் முடக்குவாதம் என்று சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், காலையில் மட்டும் சின்ன அளவில் ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டாவது மாத்திரை கண்ணின் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் வருஷா வருஷம் சோதனை. மூட்டு வீக்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். ராத்திரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்த நோயின் வலிக்கு நேரம் காலம் உண்டு. நம் உடம்பு தானாகச் சுரக்கிற கார்ட்டிசால் என்ற ஹார்மோன்தான் வீக்கத்தை அடக்கி வைக்கிறது. அது நள்ளிரவை ஒட்டி ரொம்பக் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. விடியலுக்கு முன் உச்சம். அதனால்தான் பகலெல்லாம் ஏதோ நடமாடுகிறவள் இரண்டு மணிக்குத் தோளும் மணிக்கட்டும் கழன்று விழுவதுபோல் விழிக்கிறாள். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பதும் வெறும் மனப்பிரமை இல்லை. ஒரே ஒரு ராத்திரி தூக்கத்தில் பாதியைக் குறைத்தாலே முடக்குவாதக்காரர்களுக்கு மூட்டு வலியும் சோர்வும் கூடுவதை அமெரிக்காவில் செய்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியை வளர்க்கிறது. இதற்கு நடுவில் கிடப்பவளிடம் வந்து, "கண்டதையும் யோசிக்காம கண்ண மூடு, தூக்கம் தன்னால வரும்" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல் என் நோயை என் குணமாக மாற்றிவிட்டது.

தூங்காதவளுக்கு ஊரில் நடப்பது தெரியும். 2018 மார்ச் 11 ராத்திரி குரங்கணி மலைத் தீயில் சிக்கியவர்களைக் கீழே கொண்டுவந்த ஆம்புலன்சுகளின் சத்தத்தை நான் ஒன்று விடாமல் கேட்டேன். மலையேற வந்த வெளியூர்ப் பிள்ளைகள். காட்டுவழி தெரிந்த ஊர்க்காரர்கள் இருட்டில் ஏறிப்போய்ப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள். கடைசியில் இருபதுக்கும் மேலே போய்விட்டார்கள். அதற்கப்புறம் பல நாள் எங்கள் தெருவில் நிறைய பேருக்குத் தூக்கம் இல்லை. என்னோடு விழித்திருக்க ஆள் இருந்ததை அப்போதுதான் முதன்முதலாக உணர்ந்தேன். அதை ஆறுதல் என்று சொல்ல மனம் வரவில்லை.

பிறகு 2020 வந்தது.

கொரோனாவால் மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணியோடு தமிழ்நாட்டில் பஸ் நின்றது. போடிமெட்டில் சோதனைச் சாவடி இறுகியது, ஜீப்புகள் ஓடவில்லை. ஏலம் நின்றது, கோடவுனைப் பூட்டினார்கள், கூலி நின்றது. நோய் வந்த தெருக்களை அடைத்தார்கள். தோட்டத்தில் வேலை இருக்கிறது, போனால் காசு கிடைக்கும் என்பதற்காகச் சில பேர் காட்டுப்பாதையில் மலையேறப் பார்த்து, போலீஸ் மறித்துத் திரும்பி வந்தார்கள்.

எனக்கு விழுந்த அடி வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தது. கொரோனா நோயாளிகளைக் கவனிக்கிற மருத்துவப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடலாம் என்று ஐ.சி.எம்.ஆர். பணிக்குழு மார்ச் 22ஆம் தேதி அறிவுரை கொடுத்தது. டி.வி.யில் மாத்திரையின் பெயர் ஓடியது. அவ்வளவுதான். நோயே வராதவர்கள் அட்டை அட்டையாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். மார்ச் 26 அன்று மத்திய அரசு அதை ஹெச்-1 பட்டியலில் சேர்த்தது: டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த விதி எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் வந்தது. ஆனால் என் சீட்டு பழசு, புதுச்சீட்டு எழுதுகிற டாக்டர் மதுரையில், மதுரைக்குப் பஸ் இல்லை. ரயிலும் கிடையாது, அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தியது, 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்ப வந்தது.

"அக்கா, உங்களத் தெரியாதா எனக்கு? எத்தன வருஷமா வாங்குறீங்க. சீட்டு இருந்தாலும் குடுக்கச் சரக்கு இல்லக்கா" என்றான் மெடிக்கல் கடைத் தம்பி. அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்க ஜனாதிபதி இந்த மாத்திரையைக் கேட்டு இந்தியாவை மிரட்டுகிற மாதிரிப் பேசிய செய்தி வந்தது. ஏற்றுமதித் தடையை மறுநாளே நம் அரசு தளர்த்தியது. உலகத்தில் இந்த மருந்தை அதிகம் செய்கிற நாடு நம்முடையது. போடியில் ஒரு அட்டை கிடைக்கவில்லை.

இந்த மாத்திரைக்கும் எங்கள் மலைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. அப்பத்தா காலத்தில் ஏலமலை என்றால் மலைக்காய்ச்சல். மேலே போய்விட்டுக் குளிரோடு திரும்பி வந்து பாயில் விழுந்தவர்களின் கதைகளைச் சொல்வாள். கசக்கும் குயினா மருந்தைப் பற்றியும் சொல்வாள். குயினாவைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்யத் தொடங்கிய மலேரியா மருந்து வரிசையில் வந்ததுதான் என் மாத்திரையும். இரண்டாம் உலகப் போரில் மலேரியாவுக்காக அந்த வரிசை மருந்தைத் தின்ற சிப்பாய்களுக்கு மூட்டு வலியும் தோல் தடிப்பும் குறைந்ததைப் பார்த்துத்தான் இது எங்கள் நோய்க்கு வந்து சேர்ந்தது. அப்பத்தாவின் ஆட்களுக்கு வேண்டிய நேரத்தில் மருந்து கிடைக்கவில்லை. எனக்கும் அப்படியே ஆனது.

இந்த மருந்து உடம்பில் ரொம்ப நாள் தங்கும். நிறுத்தினாலும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரல் கடைசியில் மணிக்கட்டு வீங்கியது. மே மாதம் முழங்கால். அக்கினி வெயில், மின்விசிறிக் காற்றும் சுட்டது. பன்னிரண்டு மணிக்குக் கண்ணசந்தால் ஒன்றரைக்கு விழிப்பு. திரும்பிப் படுக்க ஒரு கை, கையை ஊன்ற இன்னொரு கை, இரண்டும் உதவாது. வீட்டுக்காரரை எழுப்பலாம், எழுப்பினால் அவர் தூக்கமும் கெடும். பகலில் அரசாங்கம் கொடுத்த கபசுரக் குடிநீர், ராத்திரி அத்தை தேய்த்துவிட்ட தைலம், பக்கத்து வீட்டு மதினி கொண்டுவந்த ஜாதிக்காய்ப் பால், எல்லாம் அன்போடு வந்தன. தூக்க மாத்திரை ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொந்தக்காரர் ஒருவர் வந்தார். பழகிவிட்டால் விடாது என்று அம்மா குறுக்கே நின்றுவிட்டாள்.

அந்த ராத்திரிகளின் கொடுமை வலி மட்டும் கிடையாது. ஊரே அசையாமல் கிடந்தது. வழக்கமாக மூன்று மணிக்குப் பாத்திரச் சத்தம் கேட்டால், இனி நான் தனியாக இல்லை என்று உடம்பு கொஞ்சம் தளரும். ஜீப் இன்ஜின் உறுமினால், சரி, இன்னொரு ராத்திரியைத் தாண்டியாயிற்று. சில நாள் அதற்குப் பிறகுதான் ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்குவேன். என் தூக்கம் இத்தனை பெண்களின் விழிப்பின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது என்பதை ஜீப் நின்றபோதுதான் அறிந்தேன். அந்தப் பெண்களும் தூங்கவில்லை. பல வருஷமாக மூன்று மணிக்கு எழுந்த உடம்பு எழுந்துவிடுகிறது, வேலை இல்லை, அடகு நகைக்கு வட்டி ஓடுகிறது. திண்ணைகளில் இருட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"கை எப்படித்தா இருக்கு?"

"முறுக்கிக்கிட்டு நிக்கிதுத்தே. ஒங்களுக்கு?"

"எனக்கென்ன, மலை ஏறாத காலு கொடையுது."

அந்தப் பேச்சில் யாரும் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அது மருந்தாக இருந்தது.

உண்மையான வழி போனில் வந்தது. போன் வழியாக டாக்டர்கள் நோயாளியைப் பார்க்கலாம், சீட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசு மார்ச் 25 அன்று வழிமுறை வெளியிட்டிருந்தது. மகள்தான் அதைக் கண்டுபிடித்து மதுரை டாக்டரம்மாவைப் பிடித்தாள். வாட்ஸ்அப்பில் சீட்டு வந்தது. கையில் மிச்சமிருந்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னார். மருந்து உடம்பில் தங்குகிறது என்பதால் அது தாங்கும் என்றார். சரக்கு கிடைக்கும்வரை மற்ற மருந்தின் அளவை மாற்றினார். ஸ்டீராய்டை எந்தக் காரணத்துக்காகவும் சாயங்காலம் போடாதீர்கள், அது தூக்கத்தைத் துரத்தும் என்றார். அதெல்லாம் சொல்லி முடித்தபின், "ராத்திரி எத்தனை மணிக்கு விழிக்கிறீங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் சொன்ன முறை எளிது, செய்வதுதான் கஷ்டம். தூக்கம் வராமல் பாயில் புரளக் கூடாது. இருபது நிமிஷம் போல ஆனால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும்; கண் சொக்கினால்தான் திரும்பப் பாய். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். பாயில் கிடக்கிற நேரத்தைக் குறைத்து, தூக்கம் சேரச் சேர கூட்ட வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் முதல் பாதியை எழுதினார், ஆர்தர் ஸ்பீல்மேனும் கூட்டாளிகளும் 1987இல் மற்றதை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த வகைப் பயிற்சியைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. இதை மகள் பின்னாளில் படித்துச் சொன்னாள். வலி உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்: படுக்கும் முன் வெந்நீரில் கை முக்குவது, மணிக்கட்டுக்கு அட்டைக் கட்டு, முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை. முதல் இரண்டு வாரம் பகலில் தலை சுற்றியது. விட்டுவிடலாமா என்று தோன்றியது. திண்ணை இருந்ததால் விடவில்லை. எழுந்து உட்கார வேண்டும் என்றால் எனக்கு உட்கார இடமும் துணையும் இருந்தது. நகரத்தில் மூடிய கதவுக்குள் தனியாக இதைச் செய்கிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஜூன் 5 அன்று, பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் இந்த மாத்திரையால் கொரோனா நோயாளிகளுக்குப் பலன் இல்லை என்று அறிவித்தார்கள். அதைத் தொடர்ந்து கூட்டம் குறைந்தது. கடைகளில் மெல்ல எங்களுக்கு மாத்திரை கிடைத்தது. ஏலமும் தொடங்கி, கோடவுனைத் திறந்தார்கள். வீக்கம் வடிய மழைக்காலம் வரை ஆனது. இடது கையில் இரண்டு விரல் அந்தக் கோடையில் கோணியது, கோணியபடியே இருக்கிறது.

இப்போதும் நான் முழு ராத்திரி தூங்குகிறவள் இல்லை. நல்ல நாளில் ஐந்து மணி நேரம். சரக்கு தீரும் முன்பே அடுத்த சீட்டு கையில் இருக்க வேண்டும் என்ற பயம் போகவில்லை. அந்தப் பயத்தை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஒரு மாத்திரை கடை அலமாரியில் இருக்கிறதா என்பதில் என் தூக்கம் இருக்கிறது, மதுரைக்குப் பஸ் ஓடுகிறதா என்பதில் இருக்கிறது, கோடவுன் திறந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. மனதை அடக்கச் சொல்கிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை.

போன சீசனில் எங்கள் கோடவுனுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். காலையில் சல்லடையைப் பிடிக்க முடியாமல் மறைத்துக்கொண்டு நின்றாள். விரல் கணுக்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. "ராத்திரி எத்தன மணிக்கு முழிக்கிற?" என்று கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ரெண்டு மணிக்குக்கா. வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றாள். அடுத்த வாரம் அவளையும் அவள் மாமியாரையும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனைச் சீட்டில் டாக்டரம்மா எழுதத் தொடங்கும் முன்னால், மாமியாரே முந்திக்கொண்டு, "அம்மா, இந்தப் புள்ளைக்கு ராத்திரி தூக்கமே இல்ல, அத மொதல்ல எழுதுங்க" என்றார்.