விமானம் நடுங்கியது ஏன்?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விமானத்தில் ஏறியவர் எவருமிலர். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் இராஜபாளையத்து வீட்டில் அமர்ந்தபடியே நான் விமானம் ஓட்டினேன். கணினி பழையது, 'ஃபிளைட்கியர்' என்னும் மென்பொருள் இலவசம். ஜாய்ஸ்டிக் மட்டும் மதுரையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது. அந்தப் பணம், நூற்பாலையில் அம்மா பார்த்த ஓவர்டைம் கூலி. ஆகவே, மதுரை ஓடுபாதையை விட்டு எழும்பியதும் விமானம் இடமும் வலமுமாக உதறியபோது அது எனக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

உண்மையில் இந்த வித்தை விளையாட்டாகப் பிறந்ததும் அன்று. 1929-இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க், தம் தந்தையாரின் ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய துருத்தி நுட்பத்தைக் கொண்டே, தரையில் இருந்தபடி விமானம் ஓட்டப் பயிலும் பொறியை அமைத்தார். இரண்டாம் உலகப் போரின் விமானிகள் பலர் அதில் பயின்றவர்களே.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருப்பது, ரேடியோவின் வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் அதே மாறுமின்தடைதான். கரித்தடத்தின்மேல் ஓர் உலோக விரல் நகரும். அங்குள்ள மின்னழுத்தத்தை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் ஒரு சில்லு. தடம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ (எங்கள் ஊரில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை) எண் துள்ளும்; விமானம் உதறும். கைப்பிடி பெரும்பாலும் நடுவிலேயே நிற்பதால் தேய்வும் அங்கேதான் மிகுதி.

நடுவில் நிகழும் சிற்றசைவுகளைப் பொருட்படுத்தாதே என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். 'டெட் ஸோன்' என்பர். நோயை மறைக்கும் வேலை அது என்பது என் கருத்து.

யுஎஸ்பி வாயிலை மாற்றினேன், பயனில்லை. கையை எடுத்த பிறகும் இட-வல எண் மட்டும் துள்ளியது. முன்-பின் எண் அசையவில்லை. குற்றம் மின்தடையிலா, சுற்றுப்பலகையிலா?

வழி சொன்னவர் அம்மா. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ரிங் ஃபிரேமில் இருபது ஆண்டாகச் சைடர்.

"ஏய்யா, ஒரே கதிர்ல இழை அறுந்துக்கிட்டே இருந்தா, மேல இருக்கிற பாபினைப் பக்கத்துக் கதிருக்கு மாத்திப் பார்ப்போம். அறுப்பு கூடவே போனா பாபின்ல கோளாறு. அங்கேயே நின்னா கதிர்ல கோளாறு."

இரண்டு மின்தடைகளின் கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகினேன். இப்போது துள்ளியது முன்-பின் எண்! பலகை குற்றமற்றது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தடத்தைத் துடைத்ததில் நடுக்கம் பாதி தணிந்தது, ஒழியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ரேடியோ பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், "தம்பி, 10கே-ன்னு கேட்டா மட்டும் போதாது. 'பி'-ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. 'ஏ' ரேடியோவுக்கு ஆகும்" என்றார். காதின் இயல்புக்கேற்ப மடக்கை முறையில் மாறுவது 'ஏ'. சீராக மாறுவது 'பி'. விலை, ஒரு பொட்டலம் பால்கோவாவுக்குக்கூட எட்டாது. 1879-இல் எட்வின் ஹால் மாணவராக இருந்தபோது கண்ட விளைவைக் கொண்டு, காந்தத்தால் இயங்கும் தேயாத ஜாய்ஸ்டிக்குகளும் இன்று உண்டு. அவை நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

பற்றவைத்து முடித்தேன். எண் அசையாமல் நின்றது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அம்மா அருகில் அமர்ந்தார்.

"இங்கிருந்து நம்ம மில்லு தெரியுமாய்யா?"

மேற்குத் தொடர்ச்சி மலை தெரிந்தது, மில் தெரியவில்லை. இன்னும் தாழப் பறக்கச் சொன்னார்.