கத்தரி படும் முன்

துணிக்கடையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு கத்தரி இருக்கிறது. சட்டி ஓட்டையாக இருந்தால் வேறு சட்டி கேட்கலாம். செருப்பு கடித்தால் கடைக்காரரிடம் சண்டை போட்டாவது மாற்றிக்கொள்ளலாம். ரோலிலிருந்து இரண்டு மீட்டர் வெட்டி வாங்கிய துணியை என்ன செய்வது? கடைக்காரராலும் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே துணிக்கடையில் நல்ல கவனிப்பு என்று ஒன்று உண்டென்றால், அது கத்தரி படும் முன் நடக்க வேண்டும். குளிர்சாதனம், சிரித்த முகம், தீபாவளிக்குத் தரும் காலண்டர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் தையல் மெஷினில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். கடைக்காரர் சொல்லாமல் விட்டதையெல்லாம் துணி வாங்கியவர்கள் கடைசியில் என்னிடம் வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். “என்னக்கா, ஒரு மீட்டர் போதும்னு கடையில சொன்னாங்களே?” என்பார்கள். துணியின் அகலம், அதாவது பன்னா, 44 அங்குலம் என்றால் போதும். அவர்கள் கொண்டு வந்திருப்பது 36 அங்குலப் பன்னா. முழங்கை வரை கை வேண்டும், பின்னால் முடிச்சு வேண்டும், லைனிங்கும் வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்? பன்னா எவ்வளவு என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும், என்ன தைக்கப் போகிறீர்கள் என்று விற்பவர் கேட்டிருக்க வேண்டும். என் கணக்கில், இந்த ஒரு கேள்வியைக் கேட்பது நல்ல கடை, “எத்தனை மீட்டர்?” என்று மட்டும் கேட்பது வெறும் கடை.

ஈப்போ லஹாட் சாலைப் பக்கம், லிட்டில் இந்தியாவில், ரவிக்கைத் துணி எடுக்கப் போனால் கவனித்துப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் நாம் கொண்டுபோன புடவையை மேசையில் போட்டுப் பொருத்தம் பார்க்க மாட்டார். புடவையின் முந்தியையும் துணி ரோலையும் தூக்கிக்கொண்டு கடை வாசல் அஞ்சடிக்கு வந்துவிடுவார். குழல் விளக்கின் கீழ் ஒரே அரக்காகத் தெரியும் இரண்டு துணி, வெயில் வெளிச்சத்தில் ஒன்று செங்கலாகவும் ஒன்று மாதுளையாகவும் பிரிந்து நிற்கும். சாயம் வேறு வேறாக இருந்தால் விளக்குக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று காட்டத்தான் செய்யும். அப்படி வெளியே வந்து பார்த்துவிட்டு, “இது சேராதும்மா, புதன்கிழமை புது ரோல் வருது, அப்ப வாங்க” என்று சொன்ன ஒரு பெரியவர் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு விற்பனை இல்லை. ஆனால் அந்தத் தெருவில் எனக்கு வேறு கடையும் இல்லாமல் போயிற்று.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அளக்கும் கை. மீட்டர் கோலில் துணியைத் தளர விட்டு அளப்பவர் உண்டு, வீணைத் தந்தி மாதிரி இழுத்துப் பிடித்து அளப்பவரும் உண்டு. இழுத்து அளந்த நிட் துணி வீட்டுக்கு வந்ததும் சுருங்கி, இரண்டு விரல் குறையும். பருத்தியாக இருந்தால் முதல் நனைப்பிலேயே மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கிவிடலாம். அதைச் சொல்லி, “பத்து சென்டி கூட எடுத்துக்குங்க” என்பவர் கூடுதலாக விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. நனைத்துக் காயவைத்துவிட்டுத் தையுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னால் அவரைக் கும்பிடலாம்.

இந்த வித்தையெல்லாம் கடை வந்த பிறகு வந்ததல்ல. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் சின்ன வயதில் துணிக்கடை சைக்கிளில் வரும். பின்சீட்டில் பெரிய மூட்டை, சட்டைப் பையில் 555 நோட்டு. மலேசியாவில் கடன் கணக்கு என்றாலே அந்தச் சின்ன நோட்டுதான். சம்பள நாளன்று லயத்து வாசலில் பாய் விரித்து, வாயில், பாப்ளின், பூப்போட்ட சீத்தை என்று அடுக்கிவிடுவார்கள். சீக்கியர்கள் வருவார்கள், முஸ்லிம் வியாபாரிகள் வருவார்கள், நம்மவர்களும் வருவார்கள். எங்கள் லயத்துக்கு வந்தவர் தமிழை ஒரு மாதிரி உருட்டிப் பேசுவார். அம்மா வெள்ளை வாயிலைத் தொட்டுப் பார்த்தால் போதும், “அது கோயிலுக்கு. பால் மரத்துக்கு வேணாம், தங்கச்சி” என்று கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார். ரப்பர் பால் பட்ட இடம் காய்ந்து கறுத்துப் போகும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. வேலைக்குக் கட்ட கனத்த கறுப்புத் துணிதான் சரி. அதன் விலையும் குறைவு.

அவரைப் புண்ணியவான் ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் விலை டவுன் விலையைவிடக் கூடத்தான். மாதா மாதம் இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று வாங்கிக்கொள்ளும் கடனுக்கு அந்தக் கூடுதல்தான் வட்டி. ஆனால் அடுத்த மாதமும் அதே வாசலில் வந்து நின்று பாக்கி கேட்க வேண்டியவர் அவர். துணி கிழிந்தால் பாக்கியும் கிழியும். அம்மாவின் முகத்தில் முழிக்க வேண்டும் என்கிற ஒரு பயம் அவரிடம் நாணயத்தை வளர்த்தது. பயத்தில் வந்த நாணயமாக இருந்தால் என்ன, துணி உழைத்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஜனங்கள் புந்தோங்குக்கும் சிம்மோருக்கும் இன்னும் தூரத்துக்கும் குடிபெயர்ந்தார்கள். 1972-ல் எடை அளவைச் சட்டம் வந்து கஜம் போய் மீட்டர் ஆனது, அதற்கெல்லாம் பழகிக்கொண்டோம். பழகிக்கொள்ள முடியாதது, விற்பவருக்கும் நமக்கும் முகம் தெரியாமல் போனது. இன்று வாங்கிப் போகிறவள் நாளை வருவாளோ மாட்டாளோ என்றால், கத்தரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

ஒரு பெரிய கடையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பேத்தியின் பரதநாட்டிய உடைக்கு அசல் பட்டு கேட்டேன். பட்டுதான் என்று வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் ஓரத்து நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினேன். பட்டு என்றால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகி, கறுப்பு மணியாக இறுகிக்கொண்டது: பாலியஸ்டர். கொண்டுபோய்க் காட்டினால், சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பைக் கை காட்டினார்கள், வெட்டிய துணி திரும்பப் பெறப்படாது என்று. அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே காந்தி படம் போட்டு, வாடிக்கையாளர்தான் கடைக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி என்கிற மாதிரி ஒரு வாசகம். (காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. ஏறக்குறைய அதே வார்த்தைகள் 1941-ல் அமெரிக்க ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி அதிகாரி கென்னத் எலியட் பெயரில் அச்சாகியிருக்கின்றன. கார் விற்றவர் பேச்சுக்குக் கதராடை போர்த்திவிட்டார்கள்.)

சுவரில் எதை மாட்டினாலும் சட்டம் சட்டம்தான். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் சொன்ன வர்ணனைக்கும் காட்டிய மாதிரிக்கும் ஒத்திருக்க வேண்டும். அந்த உரிமையைக் கடைக்காரர் ஓர் அறிவிப்புப் பலகையால் ரத்து செய்ய முடியாது. ஒத்துவராவிட்டால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுக்கிறார்கள், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் ரசீதில் “பட்டு” என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் “துணி 4 மீட்டர்” என்றிருந்தால் எதைக் காட்டுவீர்கள்? ஆகவே பணம் கொடுக்கும்போதே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். வாங்கியவருக்கு மனசு மாறிவிட்டது, கலர் பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் இந்தச் சட்டம் துணைக்கு வராது, வரவும் கூடாது.

அன்று அந்தக் கடையில் என்னிடம் பேசிய விற்பனைப் பெண் பிள்ளைக்கு இருபது வயதுகூட இருக்காது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள், ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரம் போட்டு நின்றதைப் பார்த்தேன். சென்னைத் துணிக்கடைப் பிள்ளைகள் படும் பாட்டை 2010-ல் வசந்தபாலன் “அங்காடித் தெரு” படத்தில் காட்டினார், நாம் இங்கே டிக்கெட் வாங்கிப் பார்த்து அழுதோம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விற்பனைப் பெண்கள் உட்கார உரிமை கேட்டுப் போராடி, 2018-ல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகளில் ஊழியருக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் போட்டது. ஒரு முக்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள். கால் கடுக்க நிற்பவளிடம் பொறுமையை எதிர்பார்த்து நாம் கடைக்குள் நுழைகிறோம்.

ஆளைக் குறைத்தால் லாபம் என்ற கணக்கு பெரிய கடைகளுக்கும் உண்டு. அமெரிக்காவில் ஜோ-ஆன் என்று துணிக்கும் கைவேலைச் சாமான்களுக்கும் பேர் போன கடை, 1943-ல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. 2025-ல் ஏறக்குறைய 800 கிளைகளையும் இழுத்து மூடிவிட்டார்கள். முதல் காரணம் கடன். 2011-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியபோதே தலையில் ஏறிய பாரம். ஆனால் வெட்டும் மேசையில் ஆள் இல்லை, துணி ரோலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்று அங்குள்ள தையல்காரிகள் மூடுவதற்கு முன்பிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடையில் விற்பதே அந்த மேசைதான். அங்கே ஆள் இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே போனில் வாங்கிவிடலாமே.

அப்படித்தான் வாங்குகிறார்கள். அதில் நம் பெண்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போய் முப்பது ரோலை இறக்கச் சொல்வது, பெரியவரை அஞ்சடி வரை நடக்க வைப்பது, பன்னா, சாயம், சுருக்கம் எல்லாம் விசாரிப்பது, பிறகு நைசாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து ஷோப்பியில் இரண்டு வெள்ளி குறைவாக ஆர்டர் போடுவது. அவர் சொன்ன விவரத்துக்கு விலை இல்லையா? வாங்காமல் வருவது தப்பில்லை. முழு ரோலையும் பிரிக்கச் சொல்லாமல் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு எடுக்கல, அண்ணே” என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். எம்பிராய்டரி நூல் வாங்குகிறவர்களும் கேளுங்கள்: தைத்துக்கொண்டிருக்கும் பூ பாதியில் நிற்கும்போது நூல் தீர்ந்தால், லேபிளில் உள்ள எண் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் அதே சாயத்தைத் தேடித் தர முடியாது. லேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு, “அந்த மயில் கழுத்துக் கலர்” என்று கையை ஆட்டிப் பயனில்லை.

துணி வாங்கப் போகும்போது தைக்கிற ஆளிடம் முதலில் வந்து அளவு கொடுத்து, எத்தனை மீட்டர் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். எழுதிக் கொடுப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது புடவையையும் துணியையும் ஒன்றாகக் கொண்டுவந்து வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.