போலீஸ் வரும்... ஆனால் காப்பாற்றாது! - நியூ ஈடன் நட்சத்திரச் சாலையில் ஒரு பயணம்

நியூ ஈடனுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டாம். கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் போதும். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் இருக்கும் சிசிபி கேம்ஸ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டின் விண்வெளி உலகம் இது. 7,000-க்கும் அதிகமான நட்சத்திர மண்டலங்கள். அவற்றில் கப்பல் ஓட்டுபவர்கள் பல நாடுகளில் இருக்கும் நிஜ மனிதர்கள்.

இங்கே பெரிய கடைத்தெரு, ஜிட்டா. துப்பாக்கிக் குண்டு முதல் போர்க்கப்பல் வரை எல்லாம் கிடைக்கும். ‘பணம் அனுப்புங்கள், இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்று கூவும் ஆட்களும் உண்டு. நம்பி ஏமாந்தால், போனது போனதுதான். ஏமாற்றுவது இங்கே விதிமீறல் இல்லை!

எண்ணைப் பார்த்து நட

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை ‘கான்கார்டு’ என்ற போலீஸின் எல்லை. அதற்குக் கீழே கான்கார்டு வராது. 0.0 என்றால் சட்டமே இல்லை. அங்கே விளையாடுபவர்களின் கூட்டணிகள் வைத்ததுதான் சட்டம்.

அப்படியானால் 0.5-க்கு மேல் நிம்மதியா? அதுதான் இல்லை. காரணமில்லாமல் ஒருவர் இன்னொருவரைச் சுட்டால் கான்கார்டு நிச்சயம் வரும். சுட்டவரின் கப்பலை அழிக்கும். ஆனால், வந்து சேர சில விநாடிகள் ஆகும். எண் குறையக் குறைய அந்தத் தாமதம் கூடும். கொள்ளையர்களுக்கு அந்த விநாடிகளே போதும்.

0.5 எண் கொண்ட உயெடாமா போன்ற மண்டலங்கள் இதற்குப் பேர்போனவை. வாசலில் ஒருவர் நின்று, வரும் சரக்குக் கப்பலின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்கேன் செய்வார். சரக்கு தேறும் என்றால், மலிவான சிறு கப்பல்கள் கூட்டமாகப் பாய்ந்து சுடும். சரக்குக் கப்பல் வெடிக்கும். போலீஸ் வந்து சுட்டவர்களை அழிக்கும். சரக்கில் சுமார் பாதி எரிந்துபோக, மிச்சம் மிதக்கும். சுடாமல் ஒதுங்கி நின்ற கூட்டாளி அதை அள்ளிக்கொண்டு பறப்பார்.

2012 ஏப்ரலில் ஒரு பெரிய கூட்டணி முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஜிட்டாவிலேயே இதைச் செய்தது. நிறுவனம் தடுக்கவில்லை.

தண்டனை என்ன?

புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதில்லை. யார் சுட்டார், எந்த ஆயுதத்தால், என்னென்ன பொருள் போனது என்ற முழு அறிக்கை தானாகவே பறிகொடுத்தவர் கைக்கு வரும். சுட்டவர் 15 நிமிடம் ‘குற்றவாளி’. அவருடைய நன்மதிப்பெண் குறையும். மைனஸ் 5-க்கு இறங்கிவிட்டால் அவரை யாரும், எங்கும் சுடலாம். பறிகொடுத்தவருக்குப் ‘பழிதீர்க்கும் உரிமை’யும் கிடைக்கும். தன்னால் முடியாதவர் அதை மற்றவருக்கு விற்கலாம்.

முன்பெல்லாம் கான்கார்டு அழித்த கப்பலுக்கும் இன்ஷூரன்ஸ் கிடைத்தது. குற்றவாளிக்கே நஷ்டஈடு! 2011-ல் அதை நிறுத்தினார்கள். ஆனால், கெட்ட பெயரைக் காசு கொடுத்துக் கழுவிக்கொள்ள 2013-ல் ஒரு வழியும் திறந்தது.

ஒன்றை மட்டும் நிறுவனம் பொறுப்பதில்லை. கான்கார்டிடமிருந்து குறுக்குவழியில் தப்பிப்பது. கொள்ளை அடிக்கலாம், தண்டனைக்குத் தப்பக் கூடாது.

இழப்பு நிஜம்

‘விளையாட்டுதானே’ என்று சிரித்துவிட முடியாது. நிஜப் பணத்தில் வாங்கும் ‘பிளெக்ஸ்’ என்ற பொருளும் இந்த உலகத்தில் சரக்கு. 2010-ல் நடந்த ஒரு தாக்குதலில், சின்னஞ்சிறு கப்பலில் ஒருவர் கொண்டுபோன 74 பிளெக்ஸ் அழிந்தது. அன்றைய கணக்கில் ஆயிரம் டாலருக்கு மேல். ஒரு பிளெக்ஸ் அப்போது 30 நாள் சந்தா. ஆக, ஆறு வருட விளையாட்டு!

குற்றவாளியைத் தண்டித்தாலும் போன சரக்கு திரும்பாது. கான்கார்டு செய்வதெல்லாம் குற்றத்துக்கு ஒரு விலை வைப்பது மட்டும்தான். அந்த விலையைவிடச் சரக்கின் மதிப்பு கூடினால், கொள்ளையருக்கு லாபம்.

அதனால், பழகிய வியாபாரிகள் சரக்கைப் பிரித்துப் பிரித்து ஏற்றுகிறார்கள். கப்பலைத் தானியங்கியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதில்லை. கிளம்பும் முன் ஒரே ஒரு கணக்குப் போடுகிறார்கள்: ‘என்னைச் சுட்டால் அவனுக்கு மிஞ்சுமா?’ மிஞ்சாது என்று தெரிந்த பிறகே ஜிட்டாவுக்குப் புறப்படுகிறார்கள்.