அரைத்துப் பார்த்து எழுதியவை

ஒரு மிக்ஸியைக் கையால் தொடாமலே அதைப் பற்றி ஆயிரம் சொல் எழுதிவிடுவது இப்போது திறமையாகக் கருதப்படுகிறது. நிறுவனத்தின் விவரப் பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டியது, விற்பனைத் தளத்தில் கிடக்கும் வாடிக்கையாளர் கருத்துகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்ல வேண்டியது, ‘இந்த ஆண்டின் சிறந்த 10 மிக்ஸிகள்’ என்று தலைப்பு வைத்து ஒவ்வொன்றுக்கும் கீழே ‘வாங்க’ பொத்தானை ஒட்டிவிட வேண்டியது. நான் உளுந்து ஊறவைத்து எடுப்பதற்குள் ஏழெட்டு மதிப்புரை ஏறிவிடும். எங்கள் மதிப்புரைத் தளத்துக்குப் புதிதாக வந்த தம்பி இதை என் முன்னால் செய்துகாட்டிவிட்டு, “மேடம், நீங்க இன்னும் அரைச்சுத்தான் பார்க்கறீங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவள் நான். ஆமாம் தம்பி, அரைத்துத்தான் பார்க்கிறேன். ஏன் என்று எழுதிவைத்துவிட்டே போகிறேன்.

வாட்டிலிருந்து தொடங்குகிறேன். 500, 750, 1000 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மோட்டார் இழுக்கிற மின்சாரக் கணக்கு. அது எவ்வளவு நன்றாக அரைக்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடி உறவு கிடையாது. ஒரே 750 வாட் போட்ட இரண்டு மிக்ஸியில் ஒன்று விரலி மஞ்சளை மாவாக்கும். இன்னொன்று பாதியிலேயே கருகல் வாடை வீசி, அடியிலிருக்கும் ஓவர்லோட் சுவிட்சைத் தட்டிவிட்டு நிற்கும். விவரப் பட்டியலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் கோயம்புத்தூர் கணபதியில் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஓர் அண்ணன். பம்பு செட்டும் மோட்டாரும் பிழைப்பாக உள்ள ஊர் அது. பெண்கள் பத்திரிகை ஒன்றில் வீட்டுக்குறிப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நான், எந்த கம்பெனி மிக்ஸி நல்லது என்று கேட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பேனா புடிக்கறவங்களுக்கு இங்கென்னங்க வேலை?” என்றார். மதியம்வரை உட்காரவைத்துவிட்டு, எரிந்துபோன மோட்டார்கள் குவிந்து கிடந்த தகர டப்பாவை என் பக்கம் தள்ளினார். “ஒவ்வொண்ணும் எப்படிச் செத்துச்சுன்னு சொல்லுங்க அம்மணி. அப்பறம் கம்பெனி பேரைப் பேசலாம்.”

அதுதான் பாடம். அவரிடம் நான் படித்ததெல்லாம் செத்த மோட்டார்களைத்தான். ஃபீல்ட் காயில் சுற்றிலும் சமமாகக் கருத்திருந்தால் அளவுக்கு மீறி அரைத்திருக்கிறார்கள். கம்யூட்டேட்டர் சுற்றிலும் கருகித் தின்னப்பட்டிருந்தால் கார்பன் தேய்ந்த பிறகும் ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் டப்பாவில் அதிகம் இருந்தவை வேறு ரகம்: மேல் புஷ்ஷைச் சுற்றித் துரு வளையம் கட்டியவை. ஜாரின் அடியில் வாஷர் தளர்ந்து, சட்னித் தண்ணீர் கப்ளர் வழியாகக் கீழே இறங்கி, புஷ் இறுகி, மோட்டார் திணறித் தீய்ந்திருக்கும். “மிக்ஸிக்குச் சாவு மேல இருந்து வருதுங்க. எல்லாரும் அடியில தேடறாங்க” என்பார். அன்றிலிருந்து எந்த மிக்ஸி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது கப்ளருக்குக் கீழே சிந்திய தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறதா, அது எந்தப் பக்கம் போய் வடிகிறது என்பதை. இத்தனை ஆண்டில் ஒரு விவரப் பட்டியலிலும் அந்த ஓட்டையைப் பற்றி ஒரு வரி நான் படித்ததில்லை.

செம்பா அலுமினியமா என்ற கேள்வியிலும் அவர் விடாக்கண்டர். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். அதே தடிமன் கம்பியில் சுற்றினால் சூடு கூடும். தடிமனைக் கூட்டினால் இடம் போதாது. எனாமல் பூச்சு செம்பு நிறத்தில் இருப்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும். “வாட்டுங்கறது ஸ்டிக்கருங்க அம்மணி. சுரண்டாம எழுதாதீங்க” என்று சொல்லித்தான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தார். நன்றாக வடிவமைத்தால் அலுமினியமும் ஓடும் என்று அவரே ஒப்புக்கொள்வார். அலுமினியத்தைச் சுற்றிவிட்டுச் செம்பு விலை வாங்குவதுதான் அவருக்குப் பொறுக்காது.

பத்திரிகையில் என் முதல் மிக்ஸிக் கட்டுரை வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “எல்லாஞ் செரி. எப்பச் சாகும்னு எழுதலீங்களே” என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்து நான் இன்றுவரை மீளவில்லை. பத்து நாள் கையில் வைத்திருந்த பொருளைப் பற்றி அது இரண்டாவது ஆண்டில் எப்படி இருக்கும் என்று எப்படிச் சொல்வது? இந்தத் தொழிலின் முழுச் சிரமமும் அங்கேதான் இருக்கிறது. நான் கண்ட வழிகள் சில. டிம்மர்ஸ்டாட் வைத்து 230 வோல்ட்டை 190க்கு இறக்கி அரைப்பேன். மாலை நேரத்தில் மின்னழுத்தம் சரிகிற ஊர்கள் எத்தனை இருக்கின்றன! வேகம் குறைந்தால் அதே தண்டில் சுழலும் குளிர்விப்பு விசிறியும் மெதுவாகும், சூடு ஏறும். நல்ல மோட்டார் எது என்று அப்போது தெரிந்துவிடும். வாஷர், கப்ளர் என்ன விலை, தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் கிடைக்கிறதா என்று சாதாரண வாடிக்கையாளரைப் போல சர்வீஸ் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்பேன். ஓராண்டு கழித்து, வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, பழைய மதிப்புரையில் தேதி போட்டுத் திருத்தம் சேர்ப்பேன். இப்போதோ, தலைப்பிலிருக்கும் ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று போட்டுவிடுகிறார்கள்.

கிரைண்டருக்கு வந்தால் தொல்லை வேறு. 1955இல் கோவையில் சபாபதி என்பவர் முதல் வெட் கிரைண்டரைச் செய்தார் என்பார்கள். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆனாலும் அதை ஒப்பிட்டுச் சோதிக்க இன்றைக்கும் உளுந்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உளுந்து பழசானால் மாவு காணாது. ஐந்து கிரைண்டருக்கும் ஒரே மூட்டை உளுந்து, ஒரே நேர ஊறல், ஒரே அளவு தண்ணீர் என்று வைத்தால்தான் எதில் மாவு நன்றாகப் பொங்கியது என்று சொல்ல வாய் வரும். அரைத்து முடித்ததும் மாவின் சூட்டை அளக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்த மாவு சூடாவதால்தான் இட்லி ஒரு மாதிரி ஆகிறது. மிக்ஸியானால், சிறிய ஜாரில் நாலு சின்ன வெங்காயமும் இரண்டு மிளகாயும் போட்டுப் பார்க்க வேண்டும். பிளேடுக்கும் அடிக்கும் இடைவெளி அதிகமானால் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றும். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு 1000 வாட்டைவிட இது முக்கியம். இந்தியச் சமையலுக்கான மிக்ஸியே இப்படி வீட்டில் அரைத்துப் பார்த்ததில்தானே பிறந்தது? தன் வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸி நம் அரைப்புக்குத் தாங்காமல் போனதால்தான் 1960களில் மாத்தூர் என்பவர் ‘சுமீத்’ மிக்ஸியை வடிவமைத்தார்.

பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். நிறுவனம் அனுப்பும் மாதிரி, பொறுக்கி எடுத்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்தே வாங்குகிறது. எங்கள் தளத்துக்கு அவ்வளவு வசதி கிடையாது. ஆனால் இலவசமாக வந்தது எது, வாங்கியது எது என்று மதிப்புரையின் முதல் வரியில் எழுத வசதி தேவையில்லை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் இணையவழி மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் கொண்டுவந்தது. வந்தபோது அதைக் கட்டாயமாக்கவில்லை. கட்டாயமில்லை என்றதும் நம்மவர்கள் அதைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள்.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விற்பனைத் தளத்தில் 500 வாட் மாடலும் 1000 வாட் மாடலும் ஒரே பக்கத்தில் இருந்தால் இரண்டின் நட்சத்திரங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தச் சராசரியைச் சுருக்கி எழுதுகிறவருக்கு எதன் மதிப்பை எழுதுகிறோம் என்றே தெரியாது. மாடல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே காயிலை மாற்றியிருந்தாலும் தெரியாது. பத்துக்கு 8.7 என்று எங்கள் தளத்திலும் ஒரு காலத்தில் போட்டார்கள். அந்தப் புள்ளி ஏழு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. எடுத்துவிட்டார்கள்.

இத்தனையும் விற்பனைக்கு எதிரி என்று நினைக்கிறார்கள். எங்கள் முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். நான் ‘வாங்க’ பொத்தானை உச்சியிலிருந்து இறக்கி, ‘இது யாருக்கு ஆகாது’ என்ற பத்திக்குக் கீழே வைக்கச் சொன்னபோது சண்டையே வந்தது. கணக்கு எளிது. எங்கள் இணைப்பு வழியாக வாங்கினால் கமிஷன். பொருள் திரும்பினால் அந்தக் கமிஷனும் திரும்பிவிடும். எட்டுப் பேர் குடும்பத்துக்கு ஒன்றரை லிட்டர் கிரைண்டரை விற்றால் அது ஒரு வாரத்தில் திரும்பி வரும், விற்ற தளத்தின் பேரும் கூடவே கெடும். பொத்தானை இறக்கியதும் அழுத்தியவர்கள் குறைந்தார்கள், அழுத்தியவர்களில் வாங்கியவர்கள் கூடினார்கள், திரும்பி வருவது குறைந்தது. அவர்களே அடுத்த ஆண்டு மின்விசிறி வாங்கவும் எங்களிடம் வந்தார்கள். அப்போதும் அவர்களுக்கு வாட்டைச் சொல்லி மிரட்டவில்லை. 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி, நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 32 யூனிட் குறையும் என்று எழுதினோம். நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே வருகிறது? எங்கோ எழுதியதை மொழிபெயர்த்துப் போடுகிறவர்கள் மாதக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் போடுகிறார்கள்.

இப்போது பொத்தான் மறுபடி உச்சிக்குப் போய்விட்டது. ‘ஆகாது’ பத்தியை ‘சிறு குறைகள்’ என்று மாற்றி, ‘கொஞ்சம் சத்தம் வரும்’ என்ற ஒரே வரியை எல்லா மிக்ஸிக்கும் ஒட்டுகிறார்கள். எந்த மிக்ஸிதான் சத்தம் போடாது? டிம்மர்ஸ்டாட் அலமாரிக்கு மேலே போய்விட்டது. ஒரு வாரத்தில் எத்தனை மதிப்புரை ஏறியது என்று கணக்குப் பார்க்கிறார்கள்; எத்தனை பொருள் திரும்பியது என்ற கணக்கைக் கேட்டால், அது வேறு பிரிவு என்கிறார்கள்.

எனக்குப் பிறகு வருகிறவர் மஞ்சள் அரைக்க வேண்டாம் என்று தளம் முடிவெடுத்தால், நான் தடுக்கப்போவதில்லை. அந்தச் செலவும் நேரமும் எல்லாத் தளத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த மதிப்புரையின் முதல் வரியில் ‘இந்தப் பொருளை நாங்கள் பார்க்கவில்லை’ என்று எழுதட்டும். எழுதிவிட்டு, அதற்குக் கீழே ‘வாங்க’ பொத்தானை வைக்கட்டும். யார் அழுத்துகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.