கழற்றிய சீருடை

பட்டாளத்தை விட்டு வந்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதாகத்தான் நிறையப் படித்திருக்கிறோம். செர்பிய ராணுவ அதிகாரி ஃப்ளோரா சாண்டெஸ் 1922 அக்டோபரில் சீருடையைக் கழற்றியபோது, அவருக்கு வீடே பறிபோனது போலிருந்தது.

1876இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் பிறந்தவர். 1914 ஆகஸ்டில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யச் செர்பியா போனார். வால்யேவோவில் டைபஸ் கண்டு, பிழைத்து எழுந்தார். 1915 கடைசியில் செர்பியப் படை அல்பேனிய மலைகள் வழியே பின்வாங்கியது. அப்போது இரண்டாம் காலாட்படைப் பிரிவில் சிப்பாயாகவே சேர்ந்துவிட்டார். பனியும் பசியுமான அந்த நடையில், இருந்த ரொட்டியை ஆண்களோடு பங்கு போட்டுத் தின்றார். அவர்களுக்கு நடுவிலேயே படுத்துறங்கினார். அவரைப் பெண்ணென்று ஒதுக்கி வைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

1916 நவம்பரில் மொனாஸ்டிர் அருகே 1212ஆம் குன்றில் கைக்குண்டு வெடித்தது. வலக்கை நொறுங்கி, உடம்பெல்லாம் சிதறல் பாய்ந்து பனியில் கிடந்தவரை, தோட்டா மழைக்கு நடுவே தோழர்கள் இழுத்து வந்தார்கள். கரஜோர்ஜே நட்சத்திர விருது கிடைத்தது. அத்தோடு ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ காயம் ஆறியதும் முன்னணிக்கே போனார். 1919இல் அவரை அதிகாரியாக்கத் தனிச் சட்டமே வந்தது.

சீருடை போனதும் பாவாடையும் தொப்பியும் உறுத்தின. அதைவிட வலித்தது வேறொன்று. கூடவே கிடந்து சண்டையிட்டவர்கள், பெண்ணுடையில் அவரைக் கண்டதும் மரியாதையாகப் பேசத் தொடங்கினார்கள். பழைய உரிமைப் பேச்சு நின்றுபோனது. 1927இல் எழுதிய தன்வரலாற்றில் இந்த இழப்பை அவர் மறைக்கவில்லை. அவர் போருக்காக ஏங்கினார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த உறவை ஓர் உடைமாற்றம் பறித்துக்கொண்டால் யாருக்குத்தான் தாங்கும்?

ரஷ்ய அகதி யூரி யூதெனிச்சை மணந்து பெல்கிரேடில் வாழ்ந்தார். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் படையெடுத்தபோது வயது 65. கணவரோடு மறுபடி சீருடை அணிந்தார். பதினோரு நாளில் நாடு வீழ்ந்தது. ஜெர்மானியர் பிடித்து வைத்து விடுவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கணவரும் இறந்தார். பெல்கிரேடில் தனியாகப் போரைக் கடந்தவர், பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1956 நவம்பரில் சஃபோக்கில் காலமானார். அவர் பிறந்த நாடுதான் அது. ஆனால் அவர் தேடிய ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை.